அரை அங்குலம்

வண்டியைத் திருப்பிக் கொடுக்க அன்று சாயங்காலம் ஆறு மணி வரைதான் கெடு. ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் கீறல் விழாமல் கொண்டுவந்து விடுங்கள் என்று சைக்கிள் கடையில் சொல்லியிருந்தார்கள். அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இன்னிக்கும் வலிச்சா கொண்டுபோய் விட்டுடுவேன். அதோட சரி. இந்த உடம்பை இனிமே எதுக்கும் கூப்பிட மாட்டேன்."

அவள் சும்மா மிரட்டுகிற ரகமில்லை. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்ப்பவள். முன்பெல்லாம் விடிந்ததும் ஏரிக்கரையில் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கடை ஏணியிலிருந்து விழுந்து இடது தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, நடையிலும் ஒரு குறை தெரியவில்லை. ஆனால் ஓடத் தொடங்கினால் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். ஒருவர் வயசு என்றார், இன்னொருவர் நின்று பார்க்கிற வேலை என்றார், மூன்றாமவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஓட்டத்தை விட்ட அன்று அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சரளைக்கல் பாதையிலும் ஓடுகிற இந்த கிராவல் பைக்கில் ஏறியாவது ஏரிக்கரைக்குப் போய்விட மாட்டோமா என்பதுதான் அவளுக்கு மிச்சமிருந்த ஆசை.

அதை நான் செட் பண்ணித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் அவளுடைய தம்பி, தையல்காரன்.

"பேன்ட்டுக்கு அளவெடுக்கிறவனுக்கு சைக்கிளுக்கு எடுக்கத் தெரியாதா? உன் அளவெல்லாம் பதினெட்டு வருஷமா என் நோட்டுல கிடக்கு," என்று முதல் நாளே பெருமையடித்துக்கொண்டான். கால் நீளத்தை நோட்டிலிருந்து எடுத்து, சைக்கிள் கடைக்காரர் தாளில் எழுதிக் கொடுத்த எண்ணால் பெருக்கி, சீட்டின் உயரத்தை வைத்தான். வெட்டும் மேசையை ஓரமாகத் தள்ளி, அக்காவை வண்டியில் ஏற்றிச் சுவரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். பாபினில் நூல் கட்டி அவள் முழங்காலிலிருந்து தொங்கவிட்டு, பெடலுக்கு நேராக விழுகிறதா என்று தரையில் படுத்துப் பார்த்தான். விழுந்தது. அவனுக்கு ஒரே குஷி. இத்தனை நாள் இந்த வேலை தெரியாமல் போச்சே என்று தோன்றியது.

மறுநாள் ஓட்டிவிட்டு வந்தவள் சொன்னாள்: "இடது முட்டிக்குப் பின்னாடி இழுக்குதுடா."

சரி, சீட் உயரம் கூடிப்போச்சு என்று ஒரு விரற்கடை இறக்கினான். அடுத்த நாள் வலது முட்டி முன்பக்கம் வலித்தது. பாதி ஏற்றினான். இரண்டும் வலித்தன. டயரில் காற்றைக் குறைத்தான், சரளையில் அதிராமல் இருக்கட்டும் என்று. ஹேண்டில்பாரை நிமிர்த்தினான். சீட்டை முன்னால் தள்ளினான், பின்னால் தள்ளினான், மூக்கைத் தாழ்த்தினான். சீட் தண்டில் துணிக்குக் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் அவன் போட்ட கோடுகள் ஒன்பது. கடையில் மூன்று சட்டைகள் காலர் இல்லாமல் கிடந்தன. வந்து கேட்டவர்களிடம் நாளைக்கு, நாளைக்கு என்றான். ராத்திரி படுத்தால் கூட அதே யோசனைதான். ஏற்றினால் இடது, இறக்கினால் வலது. அதெப்படி?

கடைசி நாள் மதியம் அக்காவின் கணவரும் கூட வந்தார். அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது, ஆனால் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை.

"செயின்ல ஏதாவது கோளாறா இருக்குமோ?" என்றார் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே.

"மாமா, செயினுக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கெப்படித் தெரியும்? நீதானே இங்க இன்ஜினியர்."

அக்கா சுவரைப் பிடித்தபடி பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். மாமா பின்னால் போய் நின்றவர், மெல்லுவதை நிறுத்தினார். "இங்க வந்து பாரேன். இவ இடுப்பு இடது பக்கம் மட்டும் கீழ இறங்குது. கால் எட்டாத குழந்தை மாதிரி."

தையல்காரன் எழுந்து போய்ப் பார்த்தான். பக்கவாட்டிலிருந்தே ஒரு வாரமாகப் பார்த்தவன், அன்றுதான் பின்னாலிருந்து பார்க்கிறான்.

அவனுக்குத் தெரியும். தெரிந்ததை அவன் கைகளிடம் விட்டுவிட்டு மறந்துபோயிருந்தான், அவ்வளவுதான். எலும்பு கூடிய பிறகு அக்காவுக்குத் தைத்த முதல் பேன்ட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னபோது, இடது கால் துணி அரை அங்குலம் தழைந்து நின்றது. அவன் குனிந்து, குண்டூசி குத்தி, அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துவிட்டான். அவன் தொழிலில் அது வழக்கம். ஒரு தோள் சாய்ந்தவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதல் பஞ்சு வைப்பான். கூன் விழுந்தவருக்கு முதுகில் துணியைக் கூட்டுவான். யாரிடமும் சொல்ல மாட்டான், நோட்டில் கூட எழுத மாட்டான். யாராவது புரட்டிப் பார்த்துவிட்டால்? அதனால் அக்காவின் பெயருக்கு எதிரே கால் நீளம் என்று ஒரே ஒரு எண்தான் இருந்தது. வாரம் பூராவும் அவன் பெருக்கிக்கொண்டிருந்தது அதைத்தான்.

சொல்லாமலே இதையும் சரிபண்ணிவிடலாம் என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. கோட்டுக்கு உள்ளே வைக்கிற கெட்டித் துணியை எடுத்தான். அரை அங்குலமும் வைத்தால் குதிகால் ஷூவிலிருந்து வெளியே வந்துவிடும், பாதி போதும் என்று கணக்குப் போட்டான். பாத வடிவில் வெட்டி அடுக்கடுக்காக ஒட்டினான்.

"ஷூவைக் கழட்டுக்கா. உள்ள கொஞ்சம் மெத்தை வைக்கிறேன்."

இடது ஷூவில் வைத்தான். அக்கா வலது ஷூவையும் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"ஏன்டா, இதுக்கு?"

"அதுக்கு வேணாம்."

"ஏன் வேணாம்?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். தினம் நாலு பேரைச் சமாளிக்கிறவன்தான். ஆனால் நீட்டிய ஷூவோடு ஒற்றைக் காலில் நிற்கிற அக்காவிடம் அன்று அவனுக்குப் பொய் வரவில்லை.

"இடது கால் அரை அங்குலம் குட்டைக்கா. எலும்பு கூடினதிலேர்ந்து. பேன்ட்டுல நான் அட்ஜஸ்ட் பண்ணிட்டிருந்தேன்."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா. நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான்..."

மாமா பிஸ்கட் பொட்டலத்தை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அந்த ரெண்டாவது டாக்டர் கேட்டார்டா," என்றாள். "ரெண்டு காலுக்கும் ஏதாவது வித்தியாசம் தெரியுதா, துணிமணி ஒரு பக்கம் இறங்குதான்னு கேட்டார். நான் எந்திரிச்சு நின்னு பேன்ட்டைக் காட்டினேன். பாருங்க டாக்டர், என் தம்பி தச்சது, நேரா நிக்குதுன்னு சொன்னேன். அவரும் பார்த்துட்டு விட்டுட்டார்."

தையல்காரனுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்காரவும் தைரியம் வரவில்லை.

"நான் ஓட்டத்தை விட்டேன்டா," என்றாள். ஷூவை மாட்டினாள், வண்டியை வெளியே தள்ளினாள், ஏறினாள். தெருமுனையில் சைக்கிள் கடைக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும், ஏரிக்கு இடது பக்கம். அவள் எந்தப் பக்கம் போனாள் என்பதை ஒரு லாரி வந்து மறைத்துவிட்டது.

நாலு மணியானது, ஐந்தானது. மாமா இரண்டு தடவை போன் போட்டார், அவள் எடுக்கவில்லை. தையல்காரன் ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தான். ஆறு அடித்தபோது மாமா, "கடையில விட்டுட்டு நடந்து வர்றாளோ என்னவோ," என்றார்.

ஆறேகால் இருக்கும். வாசலில் சரக்கென்று பிரேக் சத்தம் கேட்டது. அக்கா முழங்கால் வரை மண், முதுகெல்லாம் சேறு, முகமெல்லாம் வேர்வை. வண்டியைச் சுவரில் சாய்த்தாள். டயரில் ஒட்டியிருந்த செம்மண் கடைத் தரையில் உதிர்ந்தது.

"வலிச்சுதாக்கா?" என்று எழுந்தான் அவன்.

"இல்ல. ஏரியை ரெண்டு சுத்து சுத்தினேன்." தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தாள். "ஆனா உன்மேல கோபம் போகல. இப்போதைக்குப் போகவும் போகாது."

"தெரியும்கா."

"நாளைக்கு அந்த டாக்டர்கிட்ட போறேன். நீயும் வர்றே. நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லணும்."

"வர்றேன்கா," என்றான். "கடையை மூடிட்டு வர்றேன்."