அம்பு ஒட்டிய பக்கங்கள்

சித்ராதேவி அக்காவின் நாவல் எனக்குப் பிடித்ததா என்று கேட்டால், இன்றைக்கும் ஒரே வார்த்தையில் பதில் வராது.

பதினோரு கதைகள். ஒரு நீல டி-ஷர்ட் கதைக்குக் கதை ஆள் மாறிப் போகிறது. நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர், சாயப்பட்டறைக்காரர், டெய்லர் என்று போய், கடைசியில் கடல் தாண்டி ஒரு பனி ஊரில் தனியாக இருக்கும் கிழவரிடம் சேர்கிறது.

அந்தப் பனி என்னிடமிருந்து போனது. முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மூன்று வருடம் நாங்கள் எதிரெதிரே நின்று செக்கிங் பார்த்தோம். மொழிபெயர்ப்பு நாவல்களைப் படித்துவிட்டு வந்து நான் சொல்வேன். அக்கா பனியனைப் புரட்டியபடியே கேட்பார். ஃபேன் அனல் காற்றை வீசும். எங்கள் மேஜையில் மட்டும் பனி பெய்யும்.

ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் கண்ணில் பட்டால் அங்கே சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, சரிசெய்ய ஆல்டருக்கு அனுப்ப வேண்டும். அந்த அம்பு அட்டை ஒன்று இன்னும் என் பையில் கிடந்தது.

அச்சுக்குப் போகும் முன் படிக்கச் சொல்லி அக்கா தந்த ஸ்பைரல் பிரதியை பஸ்ஸில்தான் படித்தேன். பென்சில் இல்லை. பிடித்த இடங்களில் எல்லாம் அம்பை ஒட்டினேன். நாலாவது கதையில் இரண்டு பெண்கள் ஒரே தேங்காய் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டு கதை பேசுகிறார்கள். அதில் மட்டும் ஒன்பது அம்பு. டி-ஷர்ட் வரும் இடங்களில் ஒன்றுகூட ஒட்டவில்லை. கதைகளை இழுத்துக் கட்ட அது படாத பாடு பட்டது. அதை அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அவர் இல்லாத நேரமாகப் பார்த்து அனுப்பர்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போய், பிரதியை அவர் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டார். போனேன்.

“எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்ட்டி மோனி. நாளைக்கு அச்சுக்கு அனுப்புறேன். பாரு.”

புதுப் பிரதி மெலிந்திருந்தது. நாலாவது கதையே இல்லை.

“அக்கா, தேங்காய் பன் எங்கீங்க?”

“நீதான ஒம்பது அம்பு ஒட்டியிருந்த? அவ்வளவு டேமேஜ் இருந்தா ஆல்டரா பண்ண முடியும்? ரிஜெக்ட்தான்.” சிரிக்கப் பார்த்தார். “உன்னப் பத்தி எழுதுனது பிடிக்கலியோன்னு ரெண்டு நாளா சோறு எறங்கல.”

“ஐயோ, அம்பெல்லாம் எனக்குப் புடிச்ச எடமுங்கக்கா!”

“பிடிச்ச எடத்துல எவளாவது அம்பு ஒட்டுவாளா? மூணு வருசம் என்னத்தட்டி செக்கிங் பாத்த?”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிப்பு முதலில் நின்றது.

“அப்போ, அம்பு ஒட்டாத எடமெல்லாம்?”

நான் தலை குனிந்துகொண்டேன்.

“பனி நல்லாத்தான் பெய்யுதுங்க. ஆனா அது நான் படிச்சுச் சொன்ன பனிங்கக்கா. அந்த டி-ஷர்ட் உள்ள வந்தாலே, பேசிட்டிருக்கறவங்கெல்லாம் கப்புனு பேச்ச நிறுத்திக்கறாங்க.”

“நாலு வருசம் எழுதுனேன்ட்டி.”

“தெரியுமுங்க.”

பக்கத்துப் பட்டறையில் பாத்திரம் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா எழுந்து பழைய பிரதியை எடுத்து வந்தார். அதை நடுவில் வைத்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

“அட்டை வச்சிருக்கியா? இப்போ ஒழுங்கா டேமேஜ்ல ஒட்டு.”

முதல் பக்கத்திலேயே டி-ஷர்ட் வந்தது. ஒட்டினேன். அக்கா பக்கத்தைப் புரட்டினார். நாலாவது கதை வந்ததும், காகிதம் கிழிந்துவிடாதபடி நகத்தால் ஒன்பது அம்பையும் ஒவ்வொன்றாக உரித்தார்.

“இது?”

“பாஸுங்கக்கா.”