அண்ணி வீட்டுப் பெட்டி

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, மறைத்துப் பயனில்லை. என் வீட்டு இணையம் விழுந்து விழுந்து எழுந்த ஒரு பகலில் கம்பெனிக்குப் போன் போட்டேன். "உங்க ஏரியால எல்லாம் சூப்பர்னு ரிப்போர்ட் வந்திருக்கே சார்" என்றான் அந்தப் பிள்ளை. எவன் கொடுத்த ரிப்போர்ட்டுடா அது? அந்த எவனைத் தேடித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2
"நேர்மையான அதிகாரி ஒருத்தி, தன் கடமையை..." சே, வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இப்படி வைத்துக்கொள்வோம். கம்பெனிகள் சொன்ன வேகத்தைக் கொடுக்கின்றனவா என்று கண்காணிக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. சில வீடுகளில் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றை மாட்டுவாள். அது ஓயாமல் வேகத்தை அளந்து அலுவலகத்துக்குச் சொல்லும். எந்த வீடு என்று கம்பெனிக்குத் தெரியக் கூடாது. (தெரியும். கோபத்தில் முன்கூட்டியே உளறிவிட்டேன்.)

ஒரு பெட்டி அவளுடைய அண்ணி வீட்டில். அண்ணி, காது கேளாத நோயாளிகளின் சைகையை வீடியோவில் பார்த்து டாக்டருக்குச் சொல்பவள். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு குடும்பம் அதில்தான் ஓடுகிறது. பெட்டி வந்ததிலிருந்து படம் நின்றதே இல்லை. மாடியிலும் அதே கம்பெனிதான். அங்கே பையனின் ஆன்லைன் வகுப்பில் வாத்தியார் பாதிப் பாடத்தில் சிலையாகி நிற்கிறார்.

அவளுக்குப் பொறி தட்டியது. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைப் பிடுங்கி மாடியில் மாட்டினாள். வாத்தியார் பாடம் தண்ணீராய் ஓடியது. கீழே அண்ணியின் கத்தல் கேட்டது.

3
"திருட்டுப் பசங்க! பெட்டி இருக்கற வீட்டுக்கு மட்டும் விருந்து வைக்கிறானுங்க அண்ணி. புகார் கொடுக்கப் போறேன்."

"கொடு. முதல்ல பெட்டிய மாட்டு."

"பெட்டிதான் ஆதாரம், சீல் வெச்சு எடுத்துட்டுப் போயிருவாங்க. வழக்கு முடியற வரைக்கும் பொறுத்துக்கோங்க."

"அதுக்குள்ள என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்கடி! இப்ப ஒரு அம்மா நெஞ்சு வலின்னு கையக் காட்டினாங்க. எந்தப் பக்கம்னு காட்டறதுக்குள்ள படம் நின்னுபோச்சு. உன் கோபத்துக்கு என் பொழப்புதான் கிடைச்சுதா?"

(இந்தக் கடைசி வரி நான் யோசித்ததல்ல. அண்ணியாகச் சொன்னது. எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று படுகிறது.)

4
முதல் முடிவு: அவள் புகார் கொடுக்கிறாள். கம்பெனிக்கு அபராதம், அண்ணிக்கு வேலை போகிறது. கம்பெனி அபராதத்தைக் கட்டிவிட்டு நம் மாதக் கட்டணத்தை ஏற்றுகிறது. எழுதிப் பார்த்து வயிறு எரிந்து அழித்தேன்.

இரண்டாம் முடிவு: பெட்டியை அண்ணி வீட்டிலேயே மாட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறாள். பெட்டி 'எல்லாம் சூப்பர்' என்று அளந்து அனுப்புகிறது. அந்த ரிப்போர்ட்டைத்தான் அந்தப் பிள்ளை எனக்குப் போனில் வாசித்தான். நான் தேடிவந்த எவன் இவள்தான். திட்டவும் மனசில்லாமல் இதையும் அழித்தேன்.

5
பெட்டியும் கையுமாகப் படிக்கட்டில் நிற்கிறாள். கீழே அண்ணியின் கணினி கூப்பிடுகிறது. அதே அம்மா மறுபடி அழைக்கிறார். அவளை எந்தப் பக்கமும் என்னால் நகர்த்த முடியவில்லை. நீங்கள் நகர்த்துங்கள். யோசிக்கிறேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், அந்த அம்மாவுக்கு நெஞ்சு வலி.