வேலி தாண்டிய கோடு

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் குகதாசன், தகப்பனாரின் மரத்துக் கொட்டையில் முளைத்த தன் கறுத்தக்கொழும்பான் மாமரத்துக்குக் கண்காட்சியில் வைக்க, ‘கலப்பில்லாத பரம்பரை’ என்று பலகையே எழுதிவிட்டார். அத்தாட்சிக்காக, மரபணுக் கணக்குப் பார்க்கும் தங்கையின் மகள் கோபிகாவிடம் இலை கொடுத்தார். அவள் அயல்மரங்களின் இலைகளையும் பிடுங்கிப் போனாள்.

வந்த வம்சாவளி வரைபடத்தில், பிரிந்த கிளைகள் மறுபடி சேர்ந்திருந்தன.

“உதென்ன பிள்ளை, வலை மாதிரி?”

“தாய் உங்கடை ஐயாவின்ரை மரம், மாமா. தேப்பன் வேலிக்கு அங்காலை நிக்கிற புளிமா.”

அந்த வேலிக்காகத்தான் அவர் அயல்வீட்டுக் குணலட்சுமியோடு பதினொரு வருடமாக வழக்காடுகிறார்.

“அந்தக் கோடு வேண்டாம், அழி!”

“அழிச்சால் கணக்குச் சரிவராது.”

வேலிக்கு அப்பால் கேட்டுக்கொண்டு நின்ற குணலட்சுமி சிரித்தாள்.

“என்ன சம்பந்தி, வழக்கை விடுவமே? கண்காட்சிக்கு மாப்பிள்ளை வீட்டாரும் வரவேணுமெல்லே!”

பின்னேரம், பலகையிலிருந்த ‘கலப்பில்லாத’ என்ற சொல்லை அதிபரே அழித்தார்.