டிரைவருக்குப் பின்சீட்டு

சுற்றுலாக் கப்பல் அந்தப் பெரிய துறைமுகத்தில் ஆறு மணி நேரம்தான் நிற்கும். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், அங்குள்ள உயரமான கோபுரத்தை மனைவிக்குக் காட்ட டவுன் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். கோபுர நிறுத்தம் வந்தும் அவர் அசையவில்லை.

"ஏங்க, எறங்கலையா?"

"இரும்மா, அடுத்த திருப்பத்துல எப்படி வளைக்கிறாருன்னு பாத்துட்டு எறங்கலாம்."

அதற்கப்புறமும் நிறையத் திருப்பங்கள் இருந்தன. வழி நெடுக அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. கடைசி நிறுத்தத்தில் டிரைவர் அந்தக் காலைக் கவனித்தார். தன் பிளாஸ்க்கிலிருந்து இருவருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். அதே பஸ்ஸில் துறைமுகம் திரும்பினார்கள்.

கோபுரம் பார்த்தீர்களா என்று கப்பலில் பக்கத்து அறைக்காரம்மா கேட்டார்.

"பாத்தோமே," என்றாள் மனைவி. "போறப்ப இடது பக்கம், வர்றப்ப வலது பக்கம்."