கிழக்கே ஒன்று புள்ளி எட்டு மூன்று

முப்பத்தோராவது மனு தவறிப்போய் ஒரு புது அதிகாரியின் மேசைக்குப் போய்விட்டது. பழையவராக இருந்தால் வழக்கமான பதில் போயிருக்கும். புதியவருக்கு அலுவலக வழக்கம் தெரியாது. மனுவை முழுக்கப் படித்துவிட்டார். படித்ததோடு நிற்காமல், “மறுபடி அளந்து அறிக்கை தரவும்” என்று ஓரத்தில் எழுதி, எட்டு வருஷத்துக்கு முன்னால் அதில் சொன்ன எல்லைக் கல்லை நட்ட சர்வேயரிடமே அனுப்பி வைத்தார்.

மனு எழுதியவர் காட்டோரத்தில் தனியாக இருக்கிற ஒரு அம்மா. அலுவலகத்தில் அவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. மனுக்காரம்மா என்றால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். அவர் நிலத்துக்கும், பக்கத்தில் இருக்கிற ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் நிலத்துக்கும் நடுவில் இருந்த பழைய எல்லைக் கல் ஒரு மழையில் மண்ணோடு சரிந்து போனது. அதற்குப் பதிலாக நட்ட புதுக் கல் இடம் தவறி நிற்கிறது, என் மண் டிரைவர் பக்கம் போய்விட்டது என்பதுதான் முப்பத்தொரு மனுவிலும் விஷயம். தேதி மட்டும் மாறும்.

முப்பது தடவையும் பதில் போனது. “மேற்படி கல் செயற்கைக்கோள் துணையுடன் நடப்பட்டது. எனவே பிழைக்கு இடமில்லை.” அதை எழுதிக் கொடுத்ததும் சர்வேயர்தான். ‘எனவே’ நல்ல இடத்தில் விழுந்திருக்கிறது என்று அப்போது அவருக்கு ஒரு திருப்தி.

இப்போது உத்தரவு வந்த நேரம் சரியில்லை. அந்த மாதக் கடைசியில் தலைமை சர்வேயர் பதவிக்கு அவர் பெயர் போக இருந்தது. இருபத்தாறு வருஷ வேலையில் அவர் கோப்பில் ஒரு திருத்தச் சீட்டு கிடையாது. நட்ட கல்லைப் பிடுங்கி வேறு இடத்தில் நட நேர்ந்தால் கோப்பில் சேர்க்கிற மஞ்சள் காகிதம் அது. அது சேர்ந்தால் பதவி இல்லை. அதோடு இரண்டு வருஷம் வரைபட அறையில் உட்கார்ந்து, பூச்சி அரித்த காகிதங்களுக்கு எண் போட வேண்டும். வரைபட அறைக்கு ஜன்னல் கிடையாது. அவர் மனைவியோ பதவி விஷயத்தைத் தங்கையிடம் சொல்லி, தையல்காரியிடம் சொல்லி, பல் டாக்டர் வாயிலிருந்து கையை எடுத்த இடைவெளியில் அவரிடமும் சொல்லி முடித்திருந்தாள்.

காலை ஏழரைக்கு சர்வேயரும் மச்சினனும் காட்டுக்குள் இறங்கினார்கள். மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. நாற்பது வயது, வேலையில் பதினைந்து வருஷம், கம்பம் பிடிப்பது அவன் பொறுப்பு. எட்டு வருஷத்துக்கு முன்னாலும் கம்பம் அவன் கையில்தான் இருந்தது.

கம்பத்தின் உச்சியில் தட்டு மாதிரி ரிசீவர் உட்கார்ந்திருக்கும். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பிடித்து, நிற்கிற இடத்தை அது சொல்லும். வெட்டவெளியில் கேட்ட உடனே சொல்லும். காட்டுக்குள் இலையும் கிளையும் வானத்தை மறைப்பதால் திணறும். திரையில் ‘ஃப்ளோட்’ என்று வந்தால், இங்கேதான் எங்கேயோ இருக்கிறோம் என்று அர்த்தம். ‘ஃபிக்ஸ்’ என்று வந்தால், விரல் அகலத்துக்கு இடம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். ஆனால் நனைந்த இலையிலும் அடிமரத்திலும் பட்டுத் தெறித்து வருகிற சிக்னலை நம்பி, சில சமயம் தப்பான இடத்தையும் அதே தைரியத்தோடு ஃபிக்ஸ் என்று சொல்லிவிடும். அதனால் காட்டில் வருகிற முதல் ஃபிக்ஸை நம்பக் கூடாது. அதை அழித்துவிட்டு இரண்டாவது வாங்க வேண்டும். செயற்கைக்கோள்கள் இடம் மாற மூன்று மணி நேரம் விட்டு மூன்றாவது வாங்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால்தான் பதிவுப் பொத்தானைத் தொடலாம். புதிதாக வருகிறவர்களுக்கு வருஷாவருஷம் இந்த வகுப்பை எடுப்பவர் இந்த சர்வேயர்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், கல் நட்ட அன்றைக்கு அவர் வாங்கியது ஒன்றே ஒன்று. மழை தூறிக்கொண்டிருந்தது. கால் முழுக்க அட்டை. நாற்பது நிமிஷம் ஃப்ளோட்டிலேயே நின்ற கருவி, திடீரென்று பத்து விநாடி ஃபிக்ஸ் காட்டியது. அழுத்திவிட்டார். அழுத்திய இடத்தில் கல்லை நட்டுவிட்டு, ஓடிப்போய் ஜீப்பில் உட்கார்ந்து, அட்டையை உதிர்க்க உப்பைத் தேடினார்கள்.

இப்போது மச்சினன் கம்பத்தைக் கல்லின் தலையில் நிறுத்தி, மட்டக் குமிழி நடுவுக்கு வரும்வரை ஆட்டிச் சரிசெய்தான். சர்வேயர் திரையைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாக ஃபிக்ஸ் வரவேண்டும் என்று மரத்தடியில் நின்று வானத்தைக் கெஞ்சிய மனுஷன், இன்றைக்குத்தான் முதன்முதலாக அது வராமல் போகட்டும் என்று நினைத்தார். வராவிட்டால் “அடர்ந்த காடு, அளக்க இயலவில்லை” என்று எழுதலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

கருவி புதுசு. நாலு நாட்டுச் செயற்கைக்கோள்களையும் பிடிக்கும். பதினோராவது விநாடியில் ஃபிக்ஸ் வந்தது. பழைய பதிவேட்டின்படி எல்லைக் கல் இருக்க வேண்டிய இடத்தை நோக்கித் திரையில் ஒரு அம்பு முளைத்தது. கிழக்கே, 1.83 மீட்டர்.

அழித்தார். மறுபடி வாங்கினார். 1.83. மூன்று மணி நேரம் ஒரு பாறைமேல் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்து வாங்கினார். 1.84. அந்த ஒரு சென்டிமீட்டரைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தார். பிறகு மனசு கேட்காமல், மரமில்லாத பாறையில் இரண்டு புள்ளி வைத்து, அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷன் என்கிற தொலைநோக்கி அளவுக் கருவியின் கண்ணாடி வழியாகக் காட்டுக்குள் குறிபார்த்துப் பழைய முறையிலும் அளந்தார். இதற்குக் காட்டுக்குள் வானமே தேவையில்லை. அதுவும் 1.83 என்றது.

மச்சினன் அம்பு போகிற திசையைப் பார்த்தான். சர்வேயரும் பார்த்தார். கிழக்கே இருப்பது மனுக்காரம்மாவின் வீடு. எல்லைக் கோடு அவ்வளவு தூரம் நகர்ந்தால் அவருடைய கோழிக்கூண்டை முழுதாகவும் குளியலறையைப் பாதியாகவும் தாண்டி நிற்கும். எட்டு வருஷமாகக் கல் தப்பு என்று அந்த அம்மா சொன்னது சரி. ஆனால் தப்பு அவருக்குச் சாதகமாக இருந்தது. டிரைவர் மண்ணில்தான் அவர் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார்.

மச்சினன் கம்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அத்தான், கல்லு சரியாத்தான் இருக்குன்னு எழுதிடுங்க. அந்தம்மாவுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. டிரைவருக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்குப் பதவி. அக்கா பல் டாக்டர் வரைக்கும் சொல்லி வச்சிருக்கா.”

“அந்தம்மா விடமாட்டாங்களே. முப்பத்திரண்டு வரும்.”

“வரட்டும். பதில்தான் தயாரா இருக்கே.”

சர்வேயர் யோசித்தார். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் மச்சினன் சொல்வதில் பழுதில்லை. பொய் சொன்னால் எல்லாருக்கும் நல்லது, உண்மையைச் சொன்னால் ஒருவருக்கும் பிரயோஜனமில்லை. தனக்கு வசதியான காரியம் இவ்வளவு தர்மமாகவும் அமைந்து வந்ததை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அதனாலேயே அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பையிலிருந்து அறிக்கைப் படிவத்தை எடுத்து, “கல் சரியான” என்பது வரைக்கும் மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தார்.

மனுக்காரம்மா வாசலில் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு தடித்த ஃபைல். தண்ணீர் கொடுத்தார். காலையிலிருந்து அவர்கள் கல்லைச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார், ஆனால் ஒரு கேள்வி கேட்கவில்லை. கல் தப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று சர்வேயர்தான் கேட்டார். பழைய கல் பெரிய மரத்துச் சொட்டில் எப்போதும் நனைந்து, பாசி பிடித்துக் கிடக்குமாம். இந்தக் கல்லில் எட்டு வருஷமாகப் பாசி ஏறவில்லையாம். கல் நகர்ந்திருக்கிறது, நகர்ந்தால் என் பக்கம்தானே நகர்ந்திருக்கும், ஊரில் யாருக்காவது மண் தானாக வந்து சேருமா என்று சொன்னார். இது முதல் மனுவிலேயே இருந்தது. சர்வேயர் முதல் மனுவைப் படித்ததில்லை.

“சரி சார், நானே சொல்லிடறேன்,” என்று அந்த அம்மா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். “மேற்படி கல் செயற்கைக்கோள் துணையுடன் நடப்பட்டது. எனவே பிழைக்கு இடமில்லை. அவ்வளவுதானே?”

‘எனவே’ அவர் வாயில் இன்னும் அழகாக விழுந்தது. சர்வேயர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இல்லம்மா. கல்லு தப்பாத்தான் நிக்குது.”

மச்சினன் எழுந்து கோழிகளைப் பார்க்கப் போனான்.

அந்த அம்மா ஃபைலின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். பிறகு எவ்வளவு தப்பு என்று கேட்டார். சர்வேயர் சொன்னார். எந்தப் பக்கம் என்று கேட்டார். சர்வேயர் கையை நீட்டிக் காட்டினார். கோழிக்கூண்டு, அதைத் தாண்டிக் குளியலறை, அதில் வாளி இருக்கிற பாதி. அந்த அம்மா கை போன திசையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், திரும்பவும் குளியலறையைப் பார்த்தார்.

“நான் மனு போடாம இருந்திருந்தா?”

“யாரும் வந்து அளந்திருக்க மாட்டாங்க.”

“இப்ப வாபஸ் வாங்கினா?”

வாங்கலாம் என்று சர்வேயர் சொன்னார். மனுதாரர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டால் கோப்பை அப்படியே மூடிவிடலாம், கல் அங்கேயே நிற்கும், விதியில் அதற்கு இடம் உண்டு. இதைச் சொல்லும்போது அவர் குரலில் லேசான பிரியம் வந்துவிட்டது. அந்த அம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். ஃபைலின் முடிச்சை அவிழ்த்து முப்பது பதில்களையும் ஒரு தடவை விரலால் தள்ளிப் பார்த்தார். மறுபடி முடிச்சுப் போட்டார்.

“எழுதிக் குடுங்க சார்.”

“எதை?”

“கல்லு தப்புன்னு. நீங்களே, உங்க கையால. கோழியை நான் வேற இடத்துல கட்டிக்கறேன்.”

சர்வேயர் படிவத்தை முழங்காலில் வைத்து எழுதினார். முதல் பக்கத்தில் முடிவு, இரண்டாவது பக்கத்தில் அளவும் படமும். திருத்தச் சீட்டுக்குத் தனியாக மஞ்சள் காகிதம். எழுதி நீட்டியதும் அந்த அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“‘கருவியின் பிழையால்’னு போட்டிருக்கீங்க. அன்னைக்குக் கையெழுத்து யாரு போட்டது, கருவியா?”

“நான்தாம்மா.”

“அப்ப அதை எழுதுங்க.”

சர்வேயர் ‘கருவியின்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘என்’ என்று எழுதினார். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னார் அந்த அம்மா. போட்டார். வரைபட அறையில் மின்விசிறி இருக்கிறதா என்று அவர் யோசிக்கத் தொடங்கியிருந்தார். இருந்த மாதிரி நினைவில்லை.

கோழிக்கூண்டுப் பக்கமிருந்து மச்சினன், அக்காவிடம் இதை யார் சொல்வது என்று கேட்டான். சர்வேயர் பேனாவை மூடினார். நான் சொல்ல மாட்டேன் என்று அவனே சொல்லிக்கொண்டான்.

மனுக்காரம்மா காகிதத்தை எடுத்துக்கொண்டு வேலி ஓரம் போனார். அந்தப் பக்கம் டிரைவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மண் திருடன் என்று நாலு மனுவில் எழுதியதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

“டிரைவரே, கேட்டுக்கங்க,” என்று கூப்பிட்டு, முதல் பக்கத்தை உரக்கப் படித்தார். கல் தவறான இடத்தில் நடப்பட்டுள்ளது. மனுதாரர் எட்டு ஆண்டுகளாகக் கூறிவந்தது உண்மை. இது என் பிழையால் நேர்ந்தது. கீழே கையெழுத்து, தேதி. கையெழுத்தையும் தேதியையும்கூடப் படித்தார்.

டிரைவர் ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“எந்தப் பக்கம் தப்பு?”

“அது ரெண்டாவது பக்கத்துல இருக்கு,” என்றார் அந்த அம்மா. காகிதத்தைத் திருப்ப அவர் அவசரப்படவில்லை.

சர்வேயர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மச்சினனோடு காட்டுக்குள் போனார். கல் லேசில் வரவில்லை. ஆளுக்கு ஒரு பக்கமாகச் சுற்றித் தோண்டி, மாற்றி மாற்றி நெம்பி, சட்டையெல்லாம் நனைந்து, ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் லேசாக ஆடியது. நடுவதை மட்டும் அன்றைக்கு அவர் ஒழுங்காகச் செய்திருந்தார்.