சகலையின் ஃபைல்

மாமனார் வீட்டில் இளைய மாப்பிள்ளைக்கு மட்டும் என்ன அப்படியொரு உபசாரம் என்று மூத்தவருக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். போதாக்குறைக்கு அந்தச் சகலை, இவர் வேலை பார்க்கும் கம்பெனிக்கே வந்து சேர்ந்தான். பாட்டிலில் எண்ணெய் நிரப்பும் இயந்திரங்களுக்கு புரோகிராம் எழுதும் கம்பெனி அது. புது இயந்திரம் ஒழுங்காக ஓடினால் குழுத் தலைவர் பதவி மூத்தவருக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஓட்டிக் காட்ட வேண்டிய நாளில் காலையிலேயே, எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றக் கம்பைல் செய்தார். திரை முழுக்கச் சிவப்பு. எண்ணெய் அளவு, குழாய் திறக்கும் நேரம், அழுத்தம் என்று எண்களுக்குப் பெயராக இவர் பயன்படுத்திய மாறிகளில் ஒன்றையும் யாரும் அறிவிக்கவில்லை என்று கம்பைலர் கையை விரித்தது. எல்லாம் சகலை எழுதிய ஃபைலில் மதிப்போடு அறிவிக்கப்பட்டிருந்தன. அதைச் சேர்த்துக்கொள்ள ஒரே வரி போதும்.

"அண்ணா, என் ஃபைலைச் சேர்த்துட்டீங்களா?" என்று பக்கத்து மேசையிலிருந்து சகலை எட்டிப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும். நீ உன் வேலையைப் பாரு."

அவன் பெயர் போட்ட ஃபைல் தன் புரோகிராமின் தலையில் ஏறி உட்காருவதா? மூத்தவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சிவப்பில் வந்த மாறிகளையெல்லாம் தாமே புதிதாக அறிவித்தார். மதிப்பு கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. புத்தி புல் மேயப் போயிருந்தது. கம்பைலரும் வாயை மூடிக்கொண்டது.

மதியம் முதலாளி முன்னால் இயந்திரம் ஓடியது. பாட்டில்கள் குழாயடியில் நின்றன, நகர்ந்தன, அழகாக மூடி போட்டுக்கொண்டு வெளியே வந்தன. ஒன்றிலும் சொட்டு எண்ணெய் இல்லை. மதிப்பே இல்லாத அளவு பூஜ்யம்தானே? மூத்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

சகலை குனிந்து திரையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. போட்டுக்கொடுக்கப் போகிறான் என்று மூத்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"தப்பு என்னோடது சார். என் ஃபைல்லதான் கோளாறு, இருங்க," என்றான். மூத்தவரின் அறிவிப்புகளை அழித்துவிட்டுத் தன் ஃபைலைச் சேர்த்தான். இந்தத் தடவை பாட்டில்கள் கழுத்துவரை நிரம்பின.

முதலாளி மூத்தவரின் தோளைத் தட்டினார். "தம்பி சொதப்பினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? பதவி உங்களுக்குத்தான்."

சகலைதான் முதல் ஆளாகக் கை குலுக்கினான். கேலி பண்ணிச் சிரித்திருந்தால் அவனை நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி ஓடி வந்தாள்.

"தங்கச்சி வீட்டுக்காரர் இப்பதாங்க போன்ல சொன்னாரு. உங்களைப் பத்தி ஒரே பெருமை! தங்கமான மனுஷங்க அவரு."

பதவி வந்த அன்றைக்கும் இந்த வீட்டில் பாராட்டு அவனுக்குத்தானா என்று மூத்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.