லூக்காசின் காதுக்குள்

மேடைக்கு முன்னால் நின்று ஆடுகிற கூட்டத்துக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. பாடுகிறவனுக்குக் கூட்டம் கேட்பது கேட்பதில்லை. அவனுடைய இரண்டு காதையும் சின்னக் குமிழ்கள் இறுக்கமாக அடைத்திருக்கும். தாளம், பின்னணி, அவனுடைய சொந்தக் குரல் எல்லாமே அதற்குள்தான் வரும். அதற்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிக்கிற ஆள் மேடை ஓரத்தில், கறுப்புத் துணிக்குப் பின்னால், ஒரு பெரிய ஒலி மேசையோடு நிற்பார். அந்த மேசையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டு கதைத்தால் பாடகனின் காதுக்குள் மட்டும் கேட்கும். பத்தாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு ஆளைத் தனியாகப் பிடித்து வைத்துக் கதைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

அந்தச் சனிக்கிழமை சுவிஸின் வின்டர்தூர் நகரத் திடலில் அந்த மேசைக்குப் பின்னால் நின்றவள் அன்னமலர். வயது முப்பத்தொன்பது. ஒலியமைப்பு நிறுவனமொன்றில் பன்னிரண்டு வருடமாக வேலை. மேடையில் பாட இருந்தவன் லூக்காஸ். பிளெஹ்வால்ட், அதாவது தகரக்காடு என்ற ஜெர்மன் குழுவின் தலைவன். ராப்பையும் மின்னிசையையும் குழைத்து இருபது வருடம் கொடி கட்டிப் பறந்த குழு அது. இப்போது பிரியாவிடைப் பயணம் வந்திருந்தார்கள். அந்தப் பயணத்தை அவனுக்கு மறக்கமுடியாமல் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்ற முடிவோடு அன்னமலர் காலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வயிறு நிறையவே சாப்பிட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. பிளெஹ்வால்ட் தொடங்கியது எல்லைக்கு அந்தப் பக்கம் கொன்ஸ்டான்ஸில், லூக்காசின் தகப்பனுடைய கார்க் கராஜில். லூக்காஸ் சொற்களை அடுக்குவான். டீமோ கணினியில் தாளம் கட்டுவான். மூன்றாவது ஆள் அன்னமலர். நூலகத்துக்குப் போறன் என்று வீட்டில் சொல்லிவிட்டு தன் ஊரான வில் என்ற சுவிஸ் நகரத்தில் ரயிலேறி வருவாள். ஒருநாள் ஒரு பல்லவி அவர்களைப் படாத பாடு படுத்தியது. "விளக்கைப் போடாதே, நான் இன்னும் வந்து சேரவில்லை" என்று பொருள்படுகிற இரண்டு ஜெர்மன் வரி. லூக்காஸ் பாடினால் கடைக்காரன் விலை சொல்வதுபோல் இருந்தது. அன்னமலர் யோசிக்கவேயில்லை. பெரிய வெள்ளியன்று பாடுகிற பசாம் மெட்டில், மகனைப் பறிகொடுத்த மாதா புலம்புகிற அந்த இழுவையில், வரிகளைத் தூக்கிப் பாடிவிட்டாள். டீமோவின் கை கணினியில் அப்படியே நின்றுவிட்டது. பிறகு மூன்று மாதம் அவளைப் பாடவைத்தும் முனகவைத்தும் பதிவு செய்து தள்ளினார்கள்.

அந்த மெட்டு அவளுடைய அப்பா சிறிலிடமிருந்து வந்தது. வில்லில் தமிழ்ப் பூசைக்கு வருகிற மன்னார்ச் சனம் முழுவதும் சிறிலண்ணையின் பசாமைக் கேட்டு மூக்கைச் சிந்துவார்கள். அதைக் கொண்டுபோய் டிஸ்கோவில் விட்டாள் என்று தெரிந்தால் மனுசன் என்ன ஆவார்? "அப்பா செத்துப்போவார்" என்று அன்னமலர் கராஜில் அழுதாள். இரண்டு வருடத்துக்கு மட்டும் என் பெயரை வெளியில் விடாதே, அதற்குள் நானே அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்று கேட்டாள். லூக்காஸ் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தான். பாவி, அந்தச் சத்தியத்தைத் தேவைக்கு அதிகமாகவே காப்பாற்றினான்.

பாட்டு வெளியே வந்ததும் ஜெர்மனி முழுவதும் பற்றிக்கொண்டது. யாருடைய குரல் இது என்று பத்திரிகைக்காரர் துளைத்தார்கள். லூக்காசுக்குப் பொய் சொல்வது பிறவித் திறமை. "அது மனிதக் குரலே இல்லை. நாங்கள் செய்த மெஷின். பெயர் ஃப்ரீடா" என்றான். சனம் வாயைப் பிளந்தது. மேடையில் ஒரு தகரப் பொம்மையை நிறுத்தி, பாட்டுக்கு ஏற்ப அதன் வாயில் விளக்கு எரியவிட்டார்கள். குழு பேர்லினுக்குப் போயிற்று. அன்னமலரைக் கூப்பிடவில்லை. அவளிடமிருந்து பதிந்தெடுத்ததை வெட்டி ஒட்டியே நான்கு அல்பம் போட்டார்கள். இரண்டு வருடம் முடிந்து அவள் தொலைபேசி எடுத்தபோது நம்பர் மாறியிருந்தது.

பெரிய விருது விழாவொன்றில் தகரப் பொம்மைக்குக் கறுப்புச் சட்டை உடுத்தி விருது கொடுத்ததை அவள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்தாள். பக்கத்தில் அப்பா புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷின் எண்டாலும் நல்லா இழுத்துப் பாடுது, என்ன?" என்றார்.

"ஓமப்பா" என்றுவிட்டுக் குசினிக்குள் போய்த் துவாயை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு மூண்ட கோபம் பிறகு அணையவேயில்லை.

அப்பா இந்த வருடம் பெப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு அன்னமலர் குழுவின் மனேஜரைப் பிடித்து, அவர் மூலம் லூக்காசைப் பிடித்தாள். இனி என் பெயரைச் சொல்லலாம், சொல், அது போதும் என்றாள். அவன் சிரித்தான்.

"அன்னா, நீதானே மறைக்கச் சொன்னாய்? நான் வாக்குத் தவறாதவன். ஃப்ரீடாவை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. கடைசி நேரத்தில் எதற்கு அவர்களுடைய ஆசையைக் கெடுக்க வேண்டும்?"

அதோடு வைத்துவிட்டான். வின்டர்தூர் நிகழ்ச்சி தங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கிறது என்று தெரிந்த அன்றே, மேடை ஓர மேசைக்கு நான் போகிறேன் என்று அவள் கையை உயர்த்தினாள்.

பிற்பகல் ஒலி சரிபார்க்கும்போது லூக்காஸ் அவளுக்கு நேரே முன்னால் வந்து நின்றான். அவள் போட்டிருந்தது தொப்பி, கண்ணாடி, கறுப்பு ரீசேட். ஒலிக்காரரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? "வலது காதில் கொஞ்சம் குறை, செல்லம்" என்று பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். அவள் குறைத்தாள். வேலையில் அவள் ஒருநாளும் பிழை விட்டதில்லை.

தொடங்குவதற்குக் கொஞ்சம் முன் வேலியடியில் தம்பி ஜோனதன் வந்து நின்று கையைக் காட்டினான். வின்டர்தூரில் பஸ் ஓட்டுகிறவன். பிளெஹ்வால்ட் என்றால் உயிர். அவனுக்கும் எதுவும் தெரியாது.

"அக்கா, லூக்காசைக் கிட்டவா பாத்தனீங்களோ?"

"பாத்தன்."

"ஆள் எப்பிடி?"

"வயித்தை எக்கிக்கொண்டு நிக்கிறான்."

"சும்மா போங்கோ. ஃப்ரீடாட பாட்டுக்கு நான் முன்னுக்குத்தான் நிப்பன். அந்த மெஷின் பாடுற மாதிரி ஒரு மனுசராலயும் பாடேலாது, தெரியுமோ?"

"ஓம், தெரியும்" என்றாள் அன்னமலர். "போய் முன்னுக்கு நில்லு. எங்கயும் போகாத."

வெயில் இறங்காமல் இருந்தது. கூட்டம் திடலை அடைத்துக்கொண்டு நின்றது. முதல் இரண்டு பாட்டை அவள் ஒழுங்காகப் போகவிட்டாள். மூன்றாவது பாட்டின் நடுவில் பொத்தானை அழுத்தினாள்.

"லூக்காஸ்" என்றாள் ஜெர்மனில். "வில்லிலிருந்து அன்னா வந்திருக்கிறேன்."

அவன் தலை படக்கென்று திரும்பியது. கண் மேடை ஓரத்துக்கு வந்தது. அவள் தொப்பியைக் கழற்றினாள். அவனுடைய வாய் பழக்கத்தில் பாடிக்கொண்டேயிருந்தது, முகம் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது. கையை உயர்த்தி இடது குமிழைப் பிடுங்கினான். திடலின் எதிரொலி தாமதமாக வந்து காதில் விழ, தாளம் தப்பி அரை அடி பின்னால் போனான். டீமோ முறைத்தான். அவன் குமிழை மறுபடி செருகவேண்டி வந்தது. செருகினால் அவள்தான் இருப்பாள். அன்னமலருக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கொஞ்சமும் வெட்கமில்லாத மகிழ்ச்சி.

"இந்த வரி நான் கராஜில் சொன்னது, ஞாபகம் இருக்கிறதா?" என்றாள் நாலாவது பாட்டில். "வயிற்றை விடு, மூச்சு முட்டப்போகிறாய்" என்றாள் ஐந்தாவதில். ஆறாவதில், தன் அப்பா புட்டுச் சாப்பிட்டுக்கொண்டு மெஷினைப் புகழ்ந்த கதையை ஆறுதலாக, அவசரமில்லாமல் சொல்லி முடித்தாள். லூக்காசுக்கு இரண்டு இடத்தில் சொல் மறந்தது. கூட்டம் அதையும் கைதட்டிக் கொண்டாடியது. சனம் அப்படித்தான்.

கடைசிக்கு முந்தின பாட்டு முடிந்ததும் அவன் மேளத்துக்குப் பின்னால் ஒதுங்கி, வேலையாட்களோடு மட்டும் கதைக்க வைத்திருந்த மைக்கைக் கையில் எடுத்தான். அவன் குரல் இப்போது அவளுடைய காதுக்குள் வந்தது.

"உனக்கு என்ன வேண்டும்?"

"கடைசிப் பாட்டுக்கு முன் என் பெயரைச் சொல். மெஷின் இல்லை என்று சொல். வேறு ஒன்றும் வேண்டாம்."

"நீதான் கேட்டாய். அழுதாய். நான் உனக்காகத்தான்..."

"இரண்டு வருடம் கேட்டேன். நீ இருபது எடுத்தாய்."

"இப்போது சொன்னால் இத்தனை வருடமும் நான் பொய் சொன்னேன் என்றாகிவிடும், அன்னா. இது எங்கள் கடைசிப் பயணம். வேறு எதையாவது கேள்."

"வேறு எதுவும் உன்னிடம் இல்லை" என்றாள்.

அவன் மைக்கை வைத்துவிட்டு முன்னால் போனான். தலைமயிரைக் கோதினான். அன்னமலர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். சொல்லிவிடுவான் என்று ஒரு கணம் நம்பிவிட்டாள், அதுதான் பிறகு அவளுக்கு ஆத்திரத்தைக் கூட்டியது.

"வின்டர்தூர்!" என்று கத்தினான் லூக்காஸ். "இன்றைக்கு ஃப்ரீடா கடைசியாக உங்களுக்காகப் பாடுகிறாள். இந்தப் பாட்டு முடிந்ததும் அவளை நிறுத்திவிடுவோம். எல்லாவற்றையும் அழித்துவிடுவோம். ஃப்ரீடா இனி இல்லை!"

கூட்டம் ஐயோ என்று அலறியது. முன்வரிசையில் ஜோனதன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். லூக்காஸ் திரும்பி, மேடை ஓரத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

அன்னமலர் பொத்தானை அழுத்தினாள். இந்தத் தடவை ஜெர்மன் வரவில்லை.

"பொறடா நாயே" என்றாள். "பொறு."

பின்னணி ஓடுகிற கணினி அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பல்லவி வருகிற நேரம் பார்த்து ஃப்ரீடாவின் குரலை மட்டும் இழுத்து மூடினாள். தாளம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தகரப் பொம்மையின் வாயில் விளக்கு பளிச் பளிச்சென்று எரிந்தது. சத்தமில்லை. லூக்காஸ் காதைத் தட்டிப் பார்த்தான். கூட்டம் தானே பல்லவியை எடுத்துப் பாடத் தொடங்கியது. பத்தாயிரம் பேர். சொல் எல்லோருக்கும் தெரியும். அந்த இழுவை ஒருவருக்கும் வரவில்லை. இரண்டாவது வரியில் தொண்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன, சிலர் சிரித்தார்கள்.

பாடகனுடைய மைக் பழுதானால் கொடுக்க என்று மேசையில் எப்போதும் இன்னொரு மைக் இருக்கும். திடலின் பெரிய பெட்டிகளோடு இணைத்தது. அன்னமலர் அதை எடுத்தாள். திங்கட்கிழமை வேலை இருக்காது என்று தெரிந்துகொண்டே எடுத்தாள். கண்ணை மூடினாள். அடுத்த பல்லவியைத் தூக்கினாள்.

டீமோ வெட்டி எறிந்த இழுவைகள், நெளிவுகள், மூச்சு எடுக்கிற விம்மல்கள் எல்லாம் அதில் இருந்தன. சிறிலண்ணை பெரிய வெள்ளியில் எப்படிப் பிடித்து எப்படி விடுவாரோ அப்படியே பிடித்தாள், அப்படியே விட்டாள். திடல் ஒருமுறை அடங்கிப் பின் வெடித்தது. பாடிக்கொண்டே கறுப்புத் துணியை விலக்கி நடந்து மேடைக்கு நடுவில் வந்து நின்றாள். டீமோ தாளத்தை நிறுத்திவிட்டான். அவள் நிறுத்தவில்லை. கடைசி வரி முடியும்வரை பாடினாள். ஜோனதன் தூக்கிப் பிடித்திருந்த தொலைபேசியைக் கீழே இறக்கிவிட்டு, அப்பாவைக் கண்டதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

லூக்காசின் மூளை கெட்டிக்கார மூளை. பாய்ந்து வந்து அவள் தோளில் கைபோட்டான்.

"நண்பர்களே, எங்கள் கடைசி இரகசியம்! இதோ, ஃப்ரீடா!"

"ஃப்ரீடா! ஃப்ரீடா!" என்று திடல் முழங்கியது. அன்னமலர் அவனுடைய கையைப் பிடித்து, ஒரு அழுக்குத் துணியை எடுப்பதுபோல் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டாள். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ஃப்ரீடா என்று ஒருத்தியும் இல்லை" என்றாள். "மெஷினும் இல்லை. நான் வில்லிலிருந்து வந்தவள். இருபது வருடத்துக்கு முன் இந்தப் பாட்டை ஒரு கராஜில் நின்று பாடினேன். இந்த மனிதர் உங்களுக்கு இருபது வருடமும் பொய் சொன்னார். இப்போதும் சொன்னார்."

"எங்கட அக்கா!" என்று தமிழில் ஒரு குரல் உடைந்துபோய்க் கத்தியது, ஜோனதன்தான். அன்னமலர் மைக்கை லூக்காசின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"என் பெயரைச் சொல். முழுப் பெயரையும்."

அவன் டீமோவைப் பார்த்தான். டீமோ குனிந்துகொண்டான். பத்தாயிரம் பேர் லூக்காசையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

"அன்னமலர்" என்றான். "சிறில் அன்னமலர்."

அவனுடைய நாக்குத் தட்டவில்லை, தடுக்கவில்லை. ஒன்பது வருடம் படிப்பித்த ஆசிரியைகள், பன்னிரண்டு வருடம் வேலை தந்த முதலாளி, அந்த நாட்டில் ஒருவரும் அவள் பெயரை அப்படிச் சொன்னதில்லை. வீட்டில் அம்மா கூப்பிடுவதுபோலச் சுத்தமாக, தகப்பன் பெயரை முன்னால் வைத்துச் சொன்னான். கூட்டம் கைதட்டியது அவளுக்குக் கேட்கவில்லை. பெயரை மறந்து தடுமாறியிருந்தால் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டுப் போயிருப்பாள், அவ்வளவு களைத்திருந்தாள். இவனோ ஒருநாளும் மறந்திருக்கவில்லை. ஒவ்வொரு மேடையிலும் ஒவ்வொரு பேட்டியிலும் அந்தப் பெயரை வாய்க்குள் வைத்துக்கொண்டே ஃப்ரீடா என்று சொல்லியிருக்கிறான்.

அவன் மைக்கைவிட்டு விலகப் பார்த்தான். அன்னமலர் அதை அவன் வாயோடு சேர்த்துப் பிடித்தாள்.

"இன்னொரு தரம்" என்றாள்.